ராஜாவுக்குப் பதிலாக நின்றவர்

அரசாங்க வரவேற்புத் துறையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவருக்கு ஆண்டவன் இரண்டு விஷயங்களைத் தாராளமாகக் கொடுத்திருந்தான். ஒன்று உயரம். இன்னொன்று, யாரைப் பார்த்தாலும் தானாகத் தாழ்ந்துவிடும் கழுத்து. உயரம் அவருக்கு ஒரு பட்டத்தை வாங்கித் தந்தது. கழுத்து ஓர் அரசாங்கத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

பட்டம், 'மகாராஜா'. சிவப்புக் கம்பளங்களைச் சுருட்டி வைப்பதும், கொடிகளை இஸ்திரி போடுவதும், பித்தளைக் கம்பங்களைத் துடைத்துப் பளபளக்க வைப்பதும்தான் அவருடைய உத்தியோகம். ஆனால் பிரதமர் வெளிநாடு போகும்போதெல்லாம் பெரிய கூடத்தில் ஒத்திகை நடக்கும். அந்த நாட்டுத் தலைவருக்குப் பதிலாக யாராவது நிற்க வேண்டுமே! ஆள் உயரம், நின்றால் நின்ற இடம். இவரையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். எத்தனையோ ஜனாதிபதிகளாக நின்றாயிற்று. ஒரு தடவை தோளில் சால்வையைப் போட்டு ராணியாகவும் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குக் கணக்குப் பிரிவில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை.

வீட்டில் பட்டத்துக்கு மரியாதை கொஞ்சம் மட்டுதான்.

"மகாராஜா வந்தாச்சா? அப்படியே அந்த கேஸ் சிலிண்டரை உள்ள உருட்டி விட்டுட்டு சிம்மாசனத்துல உக்காருங்க" என்பாள் மனைவி.

"ராஜாவை வேலை வாங்கற ஒரே பிரஜை நீதான்."

"ராஜாவுக்குச் சம்பளம் பத்தலையே, அதான்."

இந்தப் பேச்சுக்கெல்லாம் சிரிக்காமல், ஜன்னலோர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் அவருடைய அப்பா. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். பேச்சிலும் எழுத்தைக் கோப்பது போலத்தான், வேண்டிய அளவுக்கு மேல் ஒரு சொல் எடுக்க மாட்டார்.

அந்த முறை பிரதமர் போக இருந்தது, ஒரு காலத்தில் இந்த நாட்டை ஆண்ட அரச குடும்பத்தின் அரண்மனைக்கு. சுதந்திரம் வந்தபிறகு இங்கிருந்து யாரும் அந்தப் படியேறியதில்லை. வர்த்தக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாக வேண்டியிருந்தது, போகாமல் தீராது. போகட்டும், ஆனால் அரசர் முன்னால் குனியக் கூடாது என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. பஸ்ஸிலும், பார்பர் கடையிலும், மருத்துவமனை வரிசையிலும் அதே பேச்சு. மந்திரிசபை கூடித் தீர்மானமே போட்டது: கை குலுக்குவது, கண்ணுக்கு நேரே பார்ப்பது, அவ்வளவுதான்.

ஜனங்களின் ரோஷத்தில் நியாயம் இருந்தது. இப்போதைய அரசரின் தாத்தா காலத்தில், கவர்னரின் கார் தெருவில் போனால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தலை குனிந்து நிற்க வேண்டும். ஸ்டோர்கீப்பரின் அப்பா அப்போது அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன். ஒருநாள் காலையில் ஏதோ யோசனையில் காரைக் கவனிக்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். போலீஸ்காரன் ஒருவன் அவரைப் பிடித்து இறக்கி, பிடரியில் கை வைத்து, "இப்படி!" என்று அழுத்தினான். கார் தெருமுனை திரும்பும்வரை அந்தக் கை எடுபடவில்லை. இன்றைக்கும் கோபம் வந்தால் அவர் கை தானாகப் பிடரியைத் தடவும்.

பிரதமரும் குனிவதற்குப் பேர் போனவர் அல்ல. துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண். சங்கம் கட்டி, முதலாளிகளை எதிர்த்து நின்று, படிப்படியாக மேலே வந்தவர். 'நிமிர்ந்த தலை' என்று சுவருக்குச் சுவர் எழுதித்தான் ஜனங்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். அப்பா தன் வாழ்நாளில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து யாருக்குப் போட்டேன் என்று வாய் திறந்து சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஒத்திகை ஆரம்பமாயிற்று. வரவேற்புத் துறையின் தலைமை அதிகாரி ஒரு பெண்மணி. மந்திரிகளையே வரிசையில் நிற்க வைத்துத் திருத்துகிறவர் என்பதால் அவருக்கு 'டீச்சரம்மா' என்று பெயர். கம்பளத்தின் ஒரு முனையில் ஸ்டோர்கீப்பர் ராஜாவாக நிற்க, மறுமுனையிலிருந்து பிரதமர் நடந்து வந்தார். கிட்டே வந்து நின்றதும் ஸ்டோர்கீப்பரின் கழுத்து தாழ்ந்தது. பிரதமரின் கழுத்தும் பதிலுக்குத் தாழ்ந்தது.

"மகாராஜா!" டீச்சரம்மாவின் குரல் கூரையில் இடித்தது. "நீங்க குனிஞ்சா அவங்களும் குனிவாங்க. ராஜா குனிய மாட்டார். கம்பம் மாதிரி நில்லுங்க."

"மேடம், எதிர்ல நிக்கறது பிரதமர்."

"உங்களுக்கு இல்ல. நீங்க இப்ப வேற நாட்டுக்காரர்."

பிரதமர் சிரித்துவிட்டார். "அண்ணே, பயப்படாம நிமிருங்க. என்னை உங்ககிட்ட கடன் கேட்டு வந்தவ மாதிரி பாருங்க."

டீச்சரம்மா பார்த்துக்கொண்டிருந்தவரை அவர் கம்பமாக நின்றார். பிரதமரும் நேராக நின்று கை குலுக்கினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கடைசி ஒத்திகை வரை.

அன்றைக்கு அரண்மனையிலிருந்து போன் வந்து டீச்சரம்மா பக்கத்து அறைக்குப் போய்விட்டார். போனவர் திரும்ப வர நேரமாயிற்று. "நாமளே நடந்து பார்ப்போம் அண்ணே" என்றார் பிரதமர். நடந்தார்கள். கண்டிக்க ஆள் இல்லாத கழுத்து தன் வேலையைக் காட்டியது. ஸ்டோர்கீப்பர் குனிந்தார், பிரதமரும் குனிந்தார். இன்னொரு தடவை; அப்போதும் அப்படியே. நாட்டையே ஆளுகிற பெண்மணி, கொடிக்கு இஸ்திரி போடுகிற ஒருவனுக்கு எதிரே நின்று தலை தாழ்த்துகிறார்!  உள்ளதைச் சொல்ல வேண்டும்: அதை ஸ்டோர்கீப்பர் ரசித்தார். இன்னும் ஒரு தடவை நடக்கட்டுமே என்று மனசு ஏங்கியது.

டீச்சரம்மா போனை வைத்துவிட்டு ஓடி வந்தார். "சரியா வந்துச்சா?"

பிரதமர் அதற்குள் வாசலில் காத்திருந்த செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டோர்கீப்பர்தான் பதில் சொன்னார். "பிரமாதம் மேடம்."

ஒரே ஒரு சொல். சின்னப் பொய்க்கு எடை இல்லை என்று நினைத்துத்தான் நாம் எல்லோரும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம்.

அரண்மனை வரவேற்பை டி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அரண்மனைப் படி, வாத்தியக் கோஷ்டி, படியின் மேலே வெள்ளை மீசையோடு அரசர், நேரே, ஆடாமல் அசையாமல். பிரதமர் படியேறினார். கையை நீட்டினார். அடுத்த கணம் அவர் தலை தாழ்ந்தது. லேசாக அல்ல, நன்றாக, நிதானமாக. அரசர் அப்படியே நின்றார்.

 அப்பாவின் கை பிடரிக்குப் போயிற்று. எழுந்து டி.வி.யை அணைத்தார்.

"மாமா, சாப்பிட வாங்க" என்றாள் மருமகள்.

"பசிக்கலைம்மா."

 அந்தக் குனிவை ஸ்டோர்கீப்பருக்குத் தெரியும். அந்தத் தாழ்வு, அந்த நிதானம், அப்படியே கூடத்தில் அவருக்கு எதிரே பார்த்ததுதான். அரசருக்கு முன்னால் நாடு குனிந்தது என்று ஊரெல்லாம் சொல்லும். கற்றுக் கொடுத்தவர் இவர்.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கம் முழுக்க அந்தப் படம்தான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. பிரதமரின் கட்சியிலேயே சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் சுவரில் இருந்த 'நிமிர்ந்த தலை'யின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் ஸ்டோர்கீப்பருக்குக் கண் கலங்கியது.

பிரதமர் ஊர் திரும்பிய அன்று அலுவலகத்துக்குப் போனால், டீச்சரம்மா மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். பேனாக்கள், ஒரு சின்னக் கண்ணாடி, மகள் வரைந்த படம் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"என்ன மேடம் இது?"

"பயிற்சி சரியில்லைன்னு யாராவது ஒருத்தர் போகணுமாம். நான்தானே பயிற்சி கொடுத்தேன்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "அவங்க ஏன் குனிஞ்சாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. எத்தனை தடவை நடந்து பார்த்தோம்!"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். ஸ்டோர்கீப்பர் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். போன் வந்தது, தனியாக நடந்து பார்த்தது, தான் குனிந்தது, 'பிரமாதம்' என்று சொன்னது எல்லாமே.

டீச்சரம்மா கையிலிருந்த பேனாவைப் பெட்டிக்குள் வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்த அவருக்கு வந்தது வேறு பதில்.

"இதை வெளியில சொல்லாதீங்க. உங்களை அன்னிக்கே தூக்கிடுவாங்க. வீட்ல வயசான அப்பா இருக்கார். நான் எப்படியும் சமாளிச்சுக்குவேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த நல்ல வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் அதே நடையில் பிரதமரின் அறைக்குப் போய்விட்டார்.

உள்ளே பிரதமரும் அவருடைய ஆலோசகரும் இருந்தார்கள். ஆலோசகர் வழுக்கைத் தலையும் வேகமான பேச்சுமாக, எந்தத் தீயையும் அணைத்துவிடுகிற ஆள் என்று பெயர் எடுத்தவர். ஸ்டோர்கீப்பர், டீச்சரம்மா பெட்டி கட்டுவது உட்பட எல்லாவற்றையும் நின்ற வாக்கிலேயே சொல்லி முடித்தார். 

ஆலோசகர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "கிடைச்சாச்சு! தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மேடம்! 'ஒத்திகையில் ஒரு ஊழியர் செய்த தவறால்'னு ரெண்டே வரி அறிக்கை. ஜனங்க சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. ஓட்டெடுப்புல தப்பிச்சுடலாம்." அப்புறம் ஸ்டோர்கீப்பரின் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்றார்.

"சரிங்க" என்றார் ஸ்டோர்கீப்பர். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

பிரதமர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க அண்ணே" என்றார். அவர் உட்காரும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "கூடத்துல நான் ஏன் குனிஞ்சேன்?"

"நான் குனிஞ்சேன். அதனால நீங்களும் குனிஞ்சீங்க."

"சரி. அங்க அரசர் குனிஞ்சாரா?"

"இல்லீங்க. கம்பம் மாதிரி நின்னார்."

"அப்புறம் அங்க நான் ஏன் குனிஞ்சேன்?"

அவர் ஆலோசகரைப் பார்த்தார்.

"பழக்கதோஷம்னு சொல்லலாம்" என்றார் ஆலோசகர்.

"பழக்கம்னா அது என் பழக்கம். இவர் தலைல ஏன் வைக்கறீங்க?" பிரதமர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வயசான மனுஷர். முட்டி வலியாம். எனக்காக வெளியில வந்து அந்தப் படியில நின்னுக்கிட்டு இருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போன விருந்தாளி. தலை குனிஞ்சுது. அந்த நேரத்துல எனக்கு நாடும் தெரியல, சரித்திரமும் தெரியல. அது தப்புன்னா என் தப்பு."

"இப்படிச் சொன்னா ஆட்சி போயிடும் மேடம்."

"போனா மெஷின்ல போய் உக்காந்துக்கறேன். தையல் மறக்கல." பிறகு ஸ்டோர்கீப்பரிடம், "உங்க வீட்ல என்ன பேசிக்கிட்டாங்க?" என்றார்.

சொல்லலாமா கூடாதா என்று ஸ்டோர்கீப்பர் தயங்கினார். பிறகு அப்பாவைப் பற்றிச் சொன்னார். சைக்கிள், பிடரியில் அழுத்திய கை, அன்றைக்கு டி.வி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தது.

பிரதமரின் முகம் மாறியது. இதுவரை யாருக்கும் பணியாத அந்த முகத்தில் அப்போது தெரிந்தது வெட்கம்தான். "பேப்பர்காரங்களுக்குப் பதில் சொல்லிடலாம். அவருக்குத்தான் நான் பதில் சொல்லணும்" என்றார். அறிக்கை எழுத ஆலோசகர் எடுத்து வைத்திருந்த தாளை அவர் பக்கமாகவே தள்ளி வைத்தார். "டீச்சரம்மாகிட்ட சொல்லுங்க, அந்தப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி."

பாராளுமன்ற விவாதத்தை ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். ஸ்டோர் ரூமில் சுருட்டி வைத்த கம்பளங்களின் மேல் அலுவலகமே உட்கார்ந்திருந்தது. டீச்சரம்மாவும் வந்து ஓரமாக நின்றார்.

எதிர்க்கட்சித் தலைவர் நன்றாகப் பேசினார். குறை சொல்ல முடியாது. "ஒரு தனி மனுஷி யாருக்கு வேண்டுமானாலும் வணங்கட்டும். ஆனால் பிரதமரின் கழுத்து அவருடைய சொந்தக் கழுத்து இல்லை. அதில் இந்த நாட்டு மக்கள் எல்லோருடைய கழுத்தும் இருக்கிறது" என்றார். ஸ்டோர் ரூமில்கூட இரண்டொருவர் தலையாட்டினார்கள்.

அடுத்து பிரதமர் எழுந்தார்.

"எதிர்க்கட்சித் தலைவர் சொன்னது பாதி சரி. என் கழுத்துல உங்க எல்லாருடைய கழுத்தும் இருக்கு. அதனாலதான் முதல்ல ஒருத்தர்கிட்ட பேசணும். அவர் பேரைச் சொல்ல மாட்டேன். சைக்கிள்ல வேலைக்குப் போன ஒருத்தரோட பிடரியைப் பிடிச்சு அழுத்தினாங்க. அவரை மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க. ஐயா, என்னோட வணக்கம் அந்தக் கையை மறுபடி உங்க பிடரியில வச்ச மாதிரி இருந்திருந்தா, அந்த வலிக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். வணங்கினதுக்குக் கேக்கல. உங்களை அன்னிக்குக் குனிய வச்சாங்க. அதுக்குப் பேரு வணக்கம் இல்ல, மிரட்டல். என்னை யாரும் குனிய வைக்கல. அரசரோட தாத்தாவுக்கு நான் குனியல. படியில நின்ன ஒரு வயசானவருக்குக் குனிஞ்சேன். நம்மை மிரட்டினவங்க நம்மகிட்ட இருந்து எத்தனையோ எடுத்துக்கிட்டாங்க. பெரியவங்களைப் பார்த்தா தலை தாழ்த்தற மனசையும் அவங்க எடுத்துக்கிட்டுப் போக விட மாட்டேன்."

கொஞ்சம் நிறுத்தினார். ரேடியோவில் யாரோ இருமுவது கேட்டது.

"அரசருக்கு மட்டும் குனிஞ்சிருந்தா என்னைத் தூக்கி எறியுங்க. இந்தக் கட்டடத்துல கதவு திறக்கறவரைக் கேளுங்க, கூட்டறவங்களைக் கேளுங்க. இன்னொண்ணு. ஒத்திகையில பிழைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஒத்திகையில ஒரு பிழையும் இல்ல. எனக்குக் கத்துக் கொடுத்தவங்க ஒழுங்காத்தான் கத்துக் கொடுத்தாங்க. என் கழுத்துக்கு நான்தான் பொறுப்பு. ஓட்டுப் போடுங்க."

டீச்சரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டார். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர், "அந்தம்மா நம்மளுக்கெல்லாம் குனிஞ்சிருக்காங்கப்பா, நான்தான் கவனிக்காம போயிட்டேன்" என்றார். ஸ்டோர்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பிரார்த்தனையில் பெரிய வார்த்தை எதுவும் இல்லை. இந்தப் பெண்ணைக் கைவிட்டுவிடாதே சாமி, அவ்வளவுதான்.

சொந்தக் கட்சியில் சிலர் மாற்றிப் போட்டார்கள். எதிர்க்கட்சியில் இரண்டு பேர், யாரும் எதிர்பார்க்காமல், போடாமலே வெளியே போய்விட்டார்கள். அரசாங்கம் மயிரிழையில் தப்பியது. சுவர்களில் அடித்த சுண்ணாம்பை யாரும் சுரண்டவில்லை. இன்றைக்கும் சில தெருக்களில் அப்படியே இருக்கிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய்.

ஸ்டோர்கீப்பர் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் நாற்காலி பக்கத்தில் ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டீச்சரம்மாவிடம் சொன்னதையும் பிரதமரிடம் சொன்னதையும் அப்பாவிடமும் சொன்னார். கடைசியில், "அந்த சைக்கிள்காரர் நீங்கதாம்பா. நான்தான் சொன்னேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த மனைவி சத்தத்தை நிறுத்திவிட்டு, காதை இந்தப் பக்கம் கொடுத்தாள்.

"அவ குனிஞ்சது எனக்குப் பிடிக்கலைடா" என்றார் அப்பா. "இப்பவும் பிடிக்கல. எவ்வளவு அழகாப் பேசினாலும் பிடிக்கல."

"சரிப்பா."

"ஆனா உன்னைக் காட்டிக் கொடுத்துட்டு நிமிர்ந்துக்கலாம்னு வழி இருந்தும் நிமிரலையே." அப்பா இருமித் தொண்டையைச் சரி செய்துகொண்டார். "அந்தக் காலத்துல அந்த போலீஸ்காரனும் நம்ம ஊர்க்காரன்தான். அவன் தலை தப்பிக்கறதுக்கு என் தலையை அழுத்தினான். இவ அதைச் செய்யல."

அப்பா கையூன்றி எழுந்து சாப்பாட்டு மேஜைக்கு வந்தார்.

"தட்டை வைம்மா. பசிக்குது."

மருமகள் ஓடி வந்து தட்டை வைத்தாள். ஸ்டோர்கீப்பருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப அடுத்த தேர்தல்ல அவங்களுக்குத்தானே, அப்பா?"

அப்பா முதல் வாயை நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஓட்டு ரகசியம்டா" என்றார். "அரசாங்கச் சம்பளம் வாங்கறே, இதுகூடத் தெரியாதா?"